சங்கிலி எங்கே, அப்பா எங்கே, வீடு எங்கே?

கேள்வி: கும்பகோணத்தில் வசிக்கிறேன், எனக்கு வயது 49. அம்மாவுக்கு 76. தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அப்பா தவறியதிலிருந்து என்னுடன்தான் இருக்கிறார். ஒன்றரை ஆண்டுக்கு முன் தஞ்சாவூரில் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனைகளும் எடுத்துப் பார்த்து, அல்சைமர் மறதிநோய் என்றார்கள். டோனெபெசில் மாத்திரை கொடுத்து வருகிறோம். பகலில் ஒருவாறு இருக்கிறார். சாயங்காலமானால் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "என் சங்கிலியை எடுத்துட்டே, குடு" என்று என்னைத் திருடியாக்குகிறார். "அப்பா இன்னும் வரலையே" என்று வாசலுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறார். "என்னை வீட்டுல கொண்டுபோய் விடு" என்று பையைத் தூக்கிக்கொள்கிறார். அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னால் அன்றுதான் நடந்ததுபோல அழுகிறார். கால் மணி நேரத்தில் மறுபடியும் அதையே கேட்கிறார். ஏதாவது பொய்யைச் சொல்லிச் சமாளி என்கிறார்கள் சிலர். பொய் சொன்னதற்காக என்னைப் பிரம்பால் அடித்த அம்மாவிடம் எப்படிப் பொய் சொல்வது? குளிக்கவும் மறுக்கிறார். சென்னையில் இருக்கும் அண்ணனோ, "போன்ல நல்லாத்தானே பேசுறாங்க, நீதான் பெரிசு பண்றே" என்கிறார். போன வாரம் பொறுக்க முடியாமல் அம்மாவின் கையில் ஓர் அடி அடித்துவிட்டேன். அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. இல்லம் எதிலாவது சேர்த்துவிடலாமா? ஓய்வூதியக் கணக்கையும் அம்மா பெயரில் உள்ள வீட்டையும் என்ன செய்வது?

முதியோர் மனநல மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் என்னிடம் பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள்; அம்மா உங்களிடம் கேட்பவை மூன்றுதான். சங்கிலி, அப்பா, வீடு ஆகிய மூன்றையும் மூன்று தனித்தனித் தொல்லைகளாக எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது, இவை மூன்றும் ஒரே கேள்வியாக இருக்கலாமோ என்று எனக்குத் தோன்றியது. அம்மா கழுத்தைத் தடவிப் பார்த்த பிறகுதான் சங்கிலியைக் கேட்கிறார் என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் காரணம். அவர் தேடுவது எந்தச் சங்கிலி? பீரோவில் வைத்த நகையைத் தேடுபவர் பீரோவிடம் போவார், கழுத்தைத் தடவமாட்டார். நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழுத்தில் கிடந்து, நான்கு ஆண்டுகளுக்கு முன் கழற்றப்பட்ட தாலிச் சங்கிலியை அவர் தேடுகிறார் என்று நினைக்கிறேன். நேரில் பார்க்காமல் சொல்லும் ஊகம்தான் இது. ஆனால் இதே காட்சியைச் சில குடும்பங்களில் கண்டிருக்கிறேன். அப்பா இறந்தது நினைவில் பதியாதபோது, தாலி கழற்றப்பட்டதும் நினைவில் இருக்காது. அவர் கணக்கில் கணவர் வெளியே போயிருக்கிறார், இருட்டிக்கொண்டு வருகிறது, கழுத்து வெறுமையாக இருக்கிறது, இருக்கும் இடமும் தன் வீடாகத் தெரியவில்லை. அந்த நிலையில் யாராக இருந்தாலும் பையைத் தூக்கத்தான் செய்வார்கள்.

இந்த நோயின் தன்மையை இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். அல்சைமர் நோய் பெரும்பாலும் மூளையின் உட்புறத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் முதலில் தாக்குகிறது. அன்றன்று நடப்பதைப் பதிவேட்டில் ஏற்றும் எழுத்தர் அது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தர் வேலையை நிறுத்திவிட்டார்; ஆனால் பழைய பதிவேடுகள் இன்னும் அலமாரியில் இருக்கின்றன. அதனால்தான் காலையில் சாப்பிட்டது மறந்துபோகிறது, வகுப்பில் சொல்லிக் கொடுத்த வாய்ப்பாடு மறக்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்த மரணமும், அப்போதே நோய் சத்தமில்லாமல் தொடங்கியிருந்தால், சரியாகப் பதிவாகாமலே போயிருக்கலாம். உங்களுக்கு அது நடந்து முடிந்த செய்தி. அவருக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக வந்து சேரும் தந்தி.

நிகழ்ச்சி மறந்தாலும் அது உண்டாக்கிய உணர்ச்சி உடனே மறைவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2014 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அல்சைமர் நோயாளிகள் 17 பேருக்குச் சோகமான திரைப்படத் துண்டுகளையும் மகிழ்ச்சியான துண்டுகளையும் தனித்தனியே காட்டினார்கள். சில நிமிடங்களில் படத்தில் என்ன பார்த்தோம் என்பதே பெரும்பாலும் அவர்களுக்கு நினைவில்லை. ஆனால் அந்தச் சோகமும் மகிழ்ச்சியும் அரை மணி நேரம் வரைகூட அவர்களிடம் நீடித்தன. படத்தைக் குறைவாக நினைவில் வைத்திருந்தவர்களிடம் சோகம் இன்னும் அதிக நேரம் தங்கியது என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. காரணம் தெரிந்த துக்கத்துக்கு ஒரு கரை உண்டு. காரணம் மறந்துபோன துக்கம் எங்கே போய் ஒதுங்கும்? நீங்கள் அப்பாவின் மரணத்தைச் சொல்லி அம்மா அழுது, கால் மணி நேரத்தில் அதை மறந்துவிட்ட பிறகும், அவருடைய உடல் கலங்கியே இருக்கிறது. அந்தக் கலக்கம்தான் அடுத்த "வீட்டுல கொண்டுபோய் விடு" என்ற குரலாக வருகிறது என்பது என் அனுபவம்.

இனி பொய் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். "கடைக்குப் போயிருக்கார், வந்துடுவார்" என்று சொல்லச் சொல்பவர்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அதை முதல் பதிலாக நான் பரிந்துரைப்பதில்லை, அதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று இருக்கிறது. வருவார் என்று சொன்னால் அம்மா வாசலில் காத்திருப்பார், நீங்கள் அடுத்த பொய்யைத் தேட வேண்டியிருக்கும். மரணத்தைச் சொல்லுவதற்கும் கடைக்கு அனுப்புவதற்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. அம்மா "அப்பா எங்கே" என்று கேட்கும்போது, பல சமயங்களில் அவருக்கு வேண்டியது அப்பாவின் இருப்பிடம் அன்று; அப்பாவைப் பற்றிய பேச்சு. "அப்பா ஞாபகமா இருக்காம்மா? வெளியே போனா உங்களுக்கு என்ன வாங்கிட்டு வருவார்?" என்று கேட்டுப் பாருங்கள். கையைப் பிடித்துக்கொண்டு, கூடவே உட்கார்ந்து கேளுங்கள். அப்பாவின் கோபம், அவர் காபிக்குச் சர்க்கரை போடச் சொல்லும் அளவு, கல்யாணத்தில் நடந்த கூத்து என்று அவர் பழைய பதிவேட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டால், அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. தேடுகிறவருக்குத் தேடுகிற ஆள் அந்தப் பேச்சில் கொஞ்ச நேரம் கிடைத்துவிடுகிறார்.

இதற்கு இரண்டு விலக்குகள் உண்டு. அம்மா நிதானமாக உங்கள் முகத்தைப் பார்த்து, "அப்பா செத்துப்போயிட்டாரா?" என்று நேராகக் கேட்டால் மழுப்பாதீர்கள். அவருக்குப் பாதி தெரிந்திருக்கிறது, மீதியைத்தான் கேட்கிறார்; "ஆமாம்மா, போயிட்டார், நாம எல்லாரும் கூடவேதான் இருந்தோம்" என்று சொல்லி அழ விடுங்கள், நீங்களும் அழலாம். மாறாக, அவர் நடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கப் பார்க்கிறார், வேறு எந்தப் பேச்சும் எடுபடவில்லை என்றால், அந்த நேரத்துக்கு "வெளியூர் போயிருக்கார்" என்று சொல்லி உள்ளே அழைத்து வாருங்கள். பிரம்பெடுத்த ஆசிரியை இருந்தால் அதற்கு மதிப்பெண் குறைத்திருக்கமாட்டார் என்றே நம்புகிறேன். கூடத்தில் அப்பாவின் மாலை போட்ட படம் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. சிலருக்கு அந்தப் படம் செய்தியை மெதுவாகச் சொல்லும் துணையாகிறது, சிலருக்குத் தினமும் அதிர்ச்சியாகிறது. இரண்டு மூன்று நாள்கள் அம்மா அதைப் பார்க்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்று கவனித்து, அதன்படி முடிவு செய்யுங்கள். எடுத்துவிட்டால் அப்பாவுக்கு அவமரியாதை என்று உறவினர் சொல்லக்கூடும். மாலை இல்லாத, இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட பழைய படம் ஒன்றை அந்த இடத்தில் மாட்டினால் அந்தப் பேச்சும் எழாது.

சங்கிலி விஷயத்தில் வாதம் வேண்டாம். "நான் ஏன்ம்மா உங்க சங்கிலியை எடுக்கப்போறேன்" என்ற சொல்லில் உங்கள் வலி இருக்கிறது, அது எனக்குப் புரிகிறது. ஆனால் அம்மாவின் காதில் அது திருடிய ஆள் சொல்லும் மறுப்பாகவே விழும். ஒரு பொருள் காணவில்லை, அதை எங்கே வைத்தோம் என்ற பதிவும் இல்லை. அந்த இடைவெளியை மூளை ஏதாவது ஒரு விளக்கத்தால் நிரப்பியாக வேண்டும், நிரப்பும்போது மிக அருகில் நிற்பவரைத்தான் இழுத்து வருகிறது. பக்கத்து வீட்டாரையோ தொலைவில் இருக்கும் அண்ணனையோ சொல்லாமல் உங்களைச் சொல்வது, கூட இருப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால். கழுத்தில் போட ஒரு கவரிங் சங்கிலி வாங்கிக் கொடுங்கள். பழைய சங்கிலியின் கனமும் நீளமும் ஏறக்குறைய வரும்படி பாருங்கள், ஏனென்றால் கண்ணைவிடக் கைவிரல்தான் இங்கே சாட்சி. அம்மா அதை வேண்டாமென்று கழற்றி எறிந்தால் என் ஊகம் தவறு, விட்டுவிடலாம். அணிந்துகொண்டு அமைதியானால், "கணவர் போன பிறகு என்ன சங்கிலி" என்று கேட்கும் உறவினருக்கு நீங்கள் பதில் சொல்லத் தேவையில்லை. உண்மையான நகைகளை வங்கி லாக்கரில் வைத்து, ஒவ்வொன்றின் எடையோடும் பட்டியல் எழுதி, அண்ணனிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிடுங்கள். அம்மாவின் குற்றச்சாட்டு நோயிலிருந்து வருகிறது, ஆனால் அதை ஒருநாள் குடும்பத்தில் யாராவது நிஜமென்று எடுத்துக்கொள்ளாதபடி இந்தப் பட்டியல் உங்களைக் காக்கும்.

"வீட்டுக்குப் போகணும்" என்பதற்கு, "இதுதான்ம்மா உங்க வீடு" என்று பதில் சொல்லி யாரும் வென்றதாக நான் கேள்விப்படவில்லை. அவர் கேட்கும் வீடு பிறந்த வீடாக இருக்கலாம், அப்பாவோடு குடித்தனம் செய்த வீடாக இருக்கலாம், அல்லது பயமில்லாத ஓர் இடம் என்பதற்கு அவரிடம் மிஞ்சியிருக்கும் ஒரே சொல்லாகவும் இருக்கலாம். பையைப் பிடுங்காதீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே தெருமுனைவரை நடந்து, கோயில் வாசலில் ஒரு நிமிடம் நின்று, திரும்பி வந்தால் "வந்துட்டோம்" என்று அவரே சொல்லும் நாள்கள் வரும். இந்தக் கலக்கம் மாலையில் மிகுவது இந்த நோயில் பலருக்கும் உள்ளதுதான். பகலெல்லாம் சமாளித்த களைப்பும், மங்கும் வெளிச்சமும், உடலின் நேரக் கணக்கு குலைந்திருப்பதும் அதற்குக் காரணங்கள். ஐந்து மணிக்கே எல்லா விளக்குகளையும் போட்டுவிடுங்கள். இருட்டத் தொடங்கியதும் கண்ணாடிச் சன்னல்களின் திரையை இழுத்துவிடுங்கள், ஏனென்றால் அதில் தெரியும் தன் உருவத்தையே யாரோ நிற்கிறார்கள் என்று எண்ணிப் பயப்படுபவர்கள் உண்டு. பிற்பகலில் காபி, தேநீரைக் குறைத்து, மதியத் தூக்கத்தை அரை மணி நேரத்துக்குள் நிறுத்துங்கள். அந்தி வேளைக்கென்று அவர் கைக்கு ஒரு வேலை இருக்கட்டும். திரி திரிப்பது, உதிரிப்பூ கட்டுவது, துணி மடிப்பது, கீரை ஆய்வது எதுவாகவும் இருக்கலாம். தலைமையாசிரியைக்கு இன்னும் பொருத்தமானது, பழைய நோட்டுப் புத்தகத்தையும் சிவப்பு மை பேனாவையும் கொடுத்துத் திருத்தச் சொல்வது. திருத்தம் சரியாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் இவற்றையெல்லாம் தொடங்கும் முன், உடலில் ஏதாவது தொந்தரவு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். மலச்சிக்கல், சிறுநீர் எரிச்சல், முழங்கால் வலி, பசி, பல்வலி எதையும் வாயால் சொல்லத் தெரியாதபோது, அவை நடையாகவும் சத்தமாகவும் வெளிப்படும். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா, கண்புரை வளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சரியாகக் கேட்காத, தெரியாத மனிதருக்கு வீடே அந்நியமாகத்தான் இருக்கும். இதில் மிக முக்கியமான ஒன்று: மெல்ல மெல்ல நடந்துவரும் நோய் இது. அதனால் அம்மா ஓரிரு நாளில் திடீரென்று மாறிப்போனால், அதாவது பேச்சு குழறினாலோ, பகலெல்லாம் மயக்கமாகத் தூங்கி இரவெல்லாம் கத்தினாலோ, இல்லாததைக் கண்டதாகச் சொன்னாலோ, நோய் முற்றிவிட்டது என்று வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, இரத்தத்தில் சோடியம் குறைவு, எப்போதோ விழுந்ததில் தலைக்குள் கசிந்த இரத்தம், புதிதாகக் கொடுத்த மாத்திரை போன்றவை காரணமாக இருக்கலாம்; பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது.

மாத்திரைகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். டோனெபெசில் நோயைக் குணப்படுத்தாது. சிலருக்கு நினைவும் அன்றாடச் செயல்களும் தேய்வதைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும். வயிற்றுப்போக்கு, குமட்டல், பசியின்மை, இரவில் பயங்கரக் கனவுகள் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். கனவுகள் தொந்தரவு செய்தால் இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றுவார். நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடியது என்பதால், தலைசுற்றி விழுந்தால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது. சளிக்கென்று மருந்துக் கடையில் நீங்களாக வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரைகள் இந்த மருந்துக்கு நேர் எதிராக வேலை செய்து மறதியையும் குழப்பத்தையும் கூட்டும். தூக்க மாத்திரையும் குழப்பத்தைக் கூட்டும், அதோடு கீழே விழவும் செய்யக்கூடும். மாலைக் கலக்கத்துக்கு "அமைதிப்படுத்தும் மாத்திரை" கேட்கும்படி யாராவது சொல்லியிருப்பார்கள். மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் அந்த வகை மருந்துகள் மறதிநோய் உள்ள முதியவர்களிடம் மரண அபாயத்தை ஏறக்குறைய 1.6 முதல் 1.7 மடங்கு வரை ஆக்குகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005 இல் எச்சரித்தது. அவை ஒருபோதும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனக்கோ பிறருக்கோ ஆபத்து வரும் அளவுக்குப் போனால், குறைந்த அளவில், குறிப்பிட்ட வாரங்களுக்கு, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கிறோம். சங்கிலியைக் கேட்பது அந்த அளவுக்கு வந்துவிடவில்லை. ஒன்றரை ஆண்டுக்கு முன் எடுத்த பரிசோதனைகளில் தைராய்டும் பி12 வைட்டமினும் இருந்தனவா என்று பழைய அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். இல்லையென்றால் இப்போது எடுத்துவிடுங்கள்.

குளியலை மறுப்பதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சட்டையைக் கழற்றி, தண்ணீர் ஊற்றி, சோப்பு தேய்த்து என்று இருபது படிகள் உள்ள வேலை அது, அதன் வரிசை அவருக்கு நழுவிவிட்டது. அதோடு மகளாயிருந்தாலும் இன்னொருவர் முன்னால் ஆடை களைவதில் கூச்சம் இருக்கிறது. "குளிக்கலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்ற பதில் தயாராக இருக்கும். வெள்ளிக்கிழமை காலை எண்ணெயைச் சூடாக்கி, தலையில் வைத்துவிடத் தொடங்குங்கள். உடம்புக்குப் பழகிய வரிசை அது. எண்ணெய் வைத்தால் அடுத்தது வெந்நீர் என்று உடம்புக்கே தெரியும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் துண்டைப் போட்டு, காலில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், தலையில் ஒரேயடியாக ஊற்ற வேண்டாம். மற்ற நாள்களில் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். தினமும் குளிக்க வேண்டும் என்பது நம் விதிதான், மருத்துவ விதி அன்று. குளியலறை உள்தாழ்ப்பாளை இன்றே கழற்றிவிடுங்கள். சமையல் முடிந்ததும் எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். பினாயிலையும் மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள், வாசல் கதவில் ஒரு மணியைக் கட்டுங்கள். அம்மாவின் உள்பாவாடை ஓரத்தில் உங்கள் கைபேசி எண்ணைத் தைத்துவிட்டு, பூக்காரருக்கும் ஆட்டோ நிறுத்தத்தில் உள்ளவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள். ஊருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று தயங்காதீர்கள். இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதிநோய் இருப்பதாக 2023 இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது. உங்கள் தெருவிலேயே இன்னொரு வீடு கதவைச் சாத்திக்கொண்டிருக்கக்கூடும்.

இப்போது அந்த அடி. கடிதத்தின் கடைசிப் பகுதியில், மற்றவற்றுக்கு நடுவில், ஒற்றை வரியாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத்தான் கடிதமே எழுதினீர்களோ என்று நினைக்கிறேன். அடித்தது தவறு, அதை வேறு பெயரில் சொல்ல உங்களுக்கும் விருப்பமில்லை என்பது தெரிகிறது. ஆனால் அதை உங்கள் குணத்தின் சான்றாக எடுத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பதால் அடுத்த அடி தடுக்கப்படாது. தூக்கம் கெட்டவருக்குத்தான் கை முதலில் நீளும். அதை ஒரு மருத்துவ அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் சுமக்கக்கூடிய அளவை இந்த வேலை தாண்டிவிட்டது என்பதன் அறிகுறி. கை ஓங்கும் அளவுக்குக் கோபம் ஏறுவதை உணர்ந்தால், அம்மாவைப் பாதுகாப்பாக உட்கார வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ஐந்து நிமிடம் அவர் கத்திக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், உங்களுக்கே ஒரு மருத்துவ ஆலோசனை தேவை. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று அங்கேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சென்னைக்குப் போக நேர்ந்தால், கிண்டியில் 2024 இல் தொடங்கிய தேசிய முதியோர் நல மருத்துவமனையும், ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு அமைப்பு மறதிநோய்க்கென்று நடத்தும் டெம்கேர்ஸ் பிரிவும் இருக்கின்றன. 1992 இல் கேரளத்தில் தொடங்கிய ஏ.ஆர்.டி.எஸ்.ஐ. என்ற அல்சைமர் நோய்க்கான இந்தியச் சங்கம் நோயாளிகளுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் துணையாக இயங்குவது.

இல்லத்தில் சேர்ப்பது பாவமா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி உள்ளே இருக்கிறது. இன்றைய நிலையில் தேவையில்லை என்பது என் எண்ணம். அம்மா நடக்கிறார், சாப்பிடுகிறார், உங்களை அடையாளம் தெரிகிறது. இடமாற்றம் அவருடைய குழப்பத்தைக் கூட்டக்கூடும். மாலை நான்கு முதல் எட்டு வரை மட்டும் ஓர் உதவியாளரை வைத்துக்கொள்ள முடிந்தால், உங்கள் நாளின் கடினமான பகுதி பாதியாகும். அம்மாவின் ஓய்வூதியத்திலிருந்தே அந்தச் சம்பளத்தைக் கொடுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரவில் ஒருவரும் தூங்க முடியாத நிலை வந்தாலோ, அவரைத் தூக்கிக் கிடத்த இருவர் தேவைப்பட்டாலோ, அப்போது நல்ல இல்லத்தைத் தேடுவது கைவிடுவதாகாது. பார்க்கப் போகும்போது முன்னறிவிப்பின்றி மாலை வேளையில் போங்கள். இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர் என்று கேளுங்கள். அங்கிருப்பவர்கள் நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறார்களா, எல்லாரும் ஒரேயடியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பணம், சொத்து விஷயங்களில் பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலரும் தவறாக நினைக்கிறார்கள். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 201 இன்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. அதாவது எப்போது தேவைப்படுமோ அப்போது அது செல்லாது. அதனால் அம்மா எதைப் புரிந்துகொண்டு கையெழுத்திட முடியும் என்பதை உங்கள் மருத்துவரைக் கொண்டு இப்போதே எழுத்தில் மதிப்பிட்டுக்கொள்ளுங்கள். புரிதல் இருக்கும் நாளிலேயே, அவர் விருப்பப்படி, வங்கிக் கணக்கைக் கையாள்வதற்கான ஏற்பாட்டையும் உயில் எழுதுவதையும், அண்ணனையும் அறியவைத்து, வழக்கறிஞர் துணையோடு செய்துவிடலாம். புரிதல் ஏற்கெனவே போய்விட்டதென்றால் கையெழுத்து வாங்கவே வாங்காதீர்கள். பிற்பாடு அது உங்கள் மீதே வழக்காகத் திரும்பும். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு, அரசமைப்புச் சட்டத்தின் 226 ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றங்கள் காப்பாளர்களை நியமித்திருக்கின்றன. வீட்டை விற்கும் தேவை வந்தால் அந்த வழியை வழக்கறிஞரிடம் கேளுங்கள். 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நியமிக்கப்படும் பிரதிநிதிக்குச் சிகிச்சை குறித்த முடிவுகளில்தான் பங்கு உண்டு, சொத்தில் கிடையாது. ஆண்டுதோறும் நடக்கும் ஓய்வூதிய நேர்காணலுக்கு அம்மாவை அலுவலகப் படியேற்ற வேண்டாம். அஞ்சல்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை வைத்து உயிர்வாழ் சான்றை அனுப்பிவிடுவார்.

மீதி இருப்பவர் உங்கள் அண்ணன். அவர் பொய் சொல்லவில்லை. போனில் அம்மா நன்றாகத்தான் பேசுகிறார். நோயின் இந்தக் கட்டத்தில் பத்து நிமிடப் பேச்சுக்கு வேண்டிய மரியாதைச் சொற்களும் பழைய வேடிக்கைகளும் பத்திரமாக இருக்கும். "சாப்பிட்டீங்களாம்மா?" "ஆச்சுப்பா." சாப்பிடாமலே இருந்தாலும் பதில் இதுதான். உறவினர் வந்து உட்கார்ந்தால் அம்மா தன்னை ஒன்றுதிரட்டிக்கொண்டு பேசிவிட்டு, அவர்கள் போனதும் சரிந்துவிடுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இதை விவாதித்து அண்ணனை நம்ப வைக்க முடியாது. ஒரு வாரத்துக்கு ஒரு நாட்குறிப்பு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு என்ன கேட்டார், எத்தனை முறை, எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று மட்டும், புகார் எதுவுமில்லாமல். அதை அவருக்கு அனுப்பிவிட்டு, "ஐந்து நாள் லீவு போட்டு வந்து அம்மாவோட இருங்க, நான் ஊருக்குப் போகணும்" என்று கேளுங்கள். நீங்களும் வீட்டில் இருந்துகொண்டு அவர் விருந்தாளியாக வந்தால் பயனில்லை, நீங்கள் வெளியூரில் இருக்க வேண்டும். மாத்திரை நேரம், எண்ணெய்க் குளியல், சிவப்பு மை பேனா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போங்கள். அம்மாவின் முதல் மாலைப் பொழுது முடிந்ததும் அண்ணனே உங்களை அழைப்பார். அப்போது உடனே பேருந்து ஏறிவிடாதீர்கள். அம்மா சாப்பிட்டாரா என்று மணிக்கொரு முறை கேட்காமல் இருப்பதுதான் அந்த ஐந்து நாள்களில் உங்களுக்குக் கடினமாக இருக்கும். முதல் இரண்டு நாள்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.